ஓர் அண்டாச் சோறு



போன வாரம் நம் குடும்பக் குழுவில் ஒரு பட்டிமன்றமே நடந்துவிட்டது. வீட்டில் ஒரு விசேஷம், நாற்பது பேர் வருகிறார்கள், சமையலுக்கு ஆள் கிடைக்கவில்லை. ஒரே சாதமாகக் கிண்டிப் போட்டுவிடலாமா என்று ஒரு மருமகள் கேட்டாள். அதற்கு ஒரு பெரியவர், "விருந்தாளிக்கு ஒத்தச் சோறு போட்டா மரியாதையா இருக்குமா? நாம என்ன கஞ்சித்தொட்டியா நடத்துறோம்?" என்று கேட்டுவிட்டார். நான் அங்கே பதில் எழுதவில்லை. கைபேசியில் இரண்டு வரியில் எழுதக்கூடிய பதில் இல்லை அது. டீச்சர் பதில் சொன்னால் வரலாறு இல்லாமல் சொல்லமாட்டாள் என்று உங்களுக்குத் தெரியும். உட்கார்ந்து படியுங்கள்.

முதலில் எங்கள் திருநெல்வேலிக் கூட்டாஞ்சோறு. சின்ன வயதில் விடுமுறை நாளில் தெருப்பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து, ஒரு வீட்டில் ஒரு கை அரிசி, இன்னொரு வீட்டில் பருப்பு, வேறொரு வீட்டுக் கொல்லையில் முருங்கைக்கீரை, கத்தரிக்காய் என்று வாங்கி வந்து, மூன்று கல் கூட்டி அடுப்பு வைத்துப் பொங்கிச் சாப்பிட்ட விளையாட்டுக்கும் அதுதான் பேர். எல்லாரும் கொண்டுவந்ததைக் கூட்டி ஆக்கியது, கூட்டாஞ்சோறு. அந்தப் பேரிலேயே விருந்து இருக்கிறது. யார் வீட்டு அரிசி எது என்று வெந்த பிறகு பிரிக்க முடியாது.

வீட்டில் செய்வதற்குக் கணக்கு சொல்கிறேன். இருபத்தைந்து பேருக்கு இரண்டரைக் கிலோ புழுங்கலரிசி, முக்கால் கிலோ துவரம்பருப்பு, இரண்டரைக் கிலோ காய். கத்தரி, முருங்கைக்காய், வாழைக்காய், அவரை, சீனியவரை, மாங்காய் காலமானால் இரண்டு மாங்காய். முருங்கைக்கீரை நாலைந்து கைப்பிடி. இரண்டு தேங்காய், சீரகம், மிளகாய் வற்றல், சின்ன வெங்காயம், பூண்டு, மஞ்சள் எல்லாம் சேர்த்து அரைத்த அரைப்பு. பருப்பை முதலில் முக்கால் வேக்காடு வேகவிட்டு, அப்புறம் அரிசி, அரிசி பாதி வெந்ததும் காய். புளிக்கரைசலைக் கடைசியில்தான் விடவேண்டும். முதலிலேயே விட்டால் பருப்பு வேகாமல் விறைத்து நிற்கும். புளிப்பு பருப்பை வேகவிடாது. அறிவியல் பாடத்தில் நடத்தாவிட்டாலும் எங்கள் ஆச்சிக்கு இது தெரியும். இறக்கும்போது அரைப்பும் கீரையும் போட்டு, வெங்காய வடகம் தாளித்துக் கொட்டிக் கிளறினால் தெருக்கோடி வரை மணக்கும். தொட்டுக்கொள்ள ஓர் அப்பளம் போதும்.

பெரிய பாத்திரத்தில் ஆக்கும்போது சின்னக் குக்கர் கணக்கை அப்படியே பெருக்கக்கூடாது. ஒரு டம்ளர் அரிசிக்கு நாலு டம்ளர் தண்ணீர் என்றால், பெரிய குண்டானில் அதைவிடக் குறைவாகத்தான் பிடிக்கும், ஏனென்றால் ஆவியாகப் போவது அளவுக்குத் தக்கபடி கூடுவதில்லை. இரண்டரைக் கிலோ அரிசிக்கு, பருப்புக்கும் சேர்த்து, பத்து லிட்டரில் தொடங்கி, பக்கத்து அடுப்பில் ஒரு சட்டி வெந்நீரைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். அடுப்பை அணைத்த பிறகும் அரைமணி நேரம் உள்சூட்டிலேயே வெந்துகொண்டிருக்கும், தண்ணீரையும் இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் கொஞ்சம் தளரவே இறக்கவேண்டும். அடிப்பிடித்துவிட்டால் கரண்டியால் சுரண்டாமல் மேல்சோற்றை அப்படியே வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். கிளறினால் தீய்ந்த வாடை முழு அண்டாவுக்கும் ஏறிவிடும். இந்த ஒரே அண்டாவில் தவறு நடந்தால் மாற்றுக்கு ரசமோ மோரோ கிடையாது. "ஒத்தச் சோறு" என்று சொல்பவர்கள் அதை நாற்பது பேருக்கு ஆக்கிப் பார்க்கவேண்டும்.

இனி மரியாதை விஷயத்துக்கு வருகிறேன். தலைவாழை இலை போட்டு, கூட்டு, பொரியல், அவியல், பருப்பு, சாம்பார், ரசம், இரண்டு பாயசம் என்று பரிமாறுகிற விருந்து அழகுதான். எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்த இலையில் உட்காருகிற வரிசையை நான் சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறேன். முதல் பந்தியில் யார், இரண்டாம் பந்தியில் யார், நெய்க்கரண்டி எந்த இலைவரை வரும், எந்த இலைக்கு வரும்போது "தீர்ந்துபோச்சு" என்று திரும்பிப்போகும் என்பதெல்லாம் எழுதாத சட்டமாக இருந்தது. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் விறகு பிளந்தவர்களும் பந்தல் போட்டவர்களும் துணி வெளுத்தவர்களும் பந்தலுக்கு வெளியே, கொல்லைப்புறத்தில், கொண்டுவந்த சட்டியில் வாங்கிக்கொண்டு போவார்கள். பத்து வகை சமைத்தால் பத்து இடத்தில் பாகுபாடு காட்டலாம். ஒரே அண்டாவில் ஆக்கியது எல்லாருக்கும் ஒரே கரண்டிதான். அதனால்தான் நம் ஊரில் "எல்லாரும் ஒன்றாகச் சாப்பிடலாம்" என்று சொல்லவந்தவர்கள் பலரும் கையில் எடுத்தது ஒற்றைப் பானை. தற்செயலாக நடந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

தமிழில் இந்தக் கதை மணிமேகலையிலேயே தொடங்கிவிடுகிறது. அமுதசுரபி ஒரே பாத்திரம். அதில் ஆதிரை இட்ட முதல் பிச்சையிலிருந்து எடுக்க எடுக்கக் குறையாமல் வருகிறது. மணிமேகலை அதை வைத்துக்கொண்டு முனிவர்களுக்கு மட்டும் பரிமாறவில்லை. காணார், கேளார், கால் முடமானவர்கள், சிறையில் இருந்தவர்கள் என்று தேடிப்போய்க் கொடுக்கிறாள். கடைசியில் சிறைச்சாலையையே அறக்கோட்டமாக மாற்றவைக்கிறாள். காப்பியம் என்பதால் அரிசி, விறகுக் கணக்கு அங்கே இல்லை. கணக்கு பார்க்கவேண்டிய காலம் பின்னால் வந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்கோடியில் அய்யா வைகுண்டர். 1809இல் பிறந்து 1851இல் மறைந்தவர். அப்போது திருவிதாங்கூரில் நாடார் முதலான சாதியினர் தோளில் துண்டு போடவே தடை இருந்த காலம். சாமித்தோப்பில் அவர் முந்திரிக்கிணறு என்று ஒரு கிணறு வெட்டி, எல்லாச் சாதியினரும் அதே தண்ணீரில் குளித்து, சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும்படி செய்தார். அந்தப் பதியில் இன்றைக்கும் உம்பான்சோறு உண்டு. அரிசியும் காயும் ஒன்றாகப் போட்டு ஆக்குகிற சோறு. நாகர்கோவில் பக்கம் போகிறவர்கள் ஒருமுறை வாங்கிச் சாப்பிட்டுப் பாருங்கள்.

வடலூர் உங்களுக்குத் தெரிந்ததுதான், ஐந்தாம் வகுப்பிலேயே நடத்தியிருக்கிறேன். 1867 மே 23ஆம் தேதி வள்ளலார் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். பார்வதிபுரத்து மக்கள் சுமார் 80 காணி நிலம் கொடுத்தார்கள். அன்றைக்கு மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. சாதி, மதம், ஊர் எதுவும் கேட்காமல் பசித்தவர் என்ற ஒரே தகுதி போதும் என்று அவர் வைத்தார். அவர் 1874இல் மறைந்த இரண்டாவது வருஷமே தாது வருஷப் பஞ்சம் வந்துவிட்டது.

1876இலிருந்து 1878வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் பல லட்சம் பேர் செத்துப்போனார்கள். குழுவில் பெரியவர் சொன்ன கஞ்சித்தொட்டியின் வேர் இப்படிப்பட்ட காலங்களில்தான் இருக்கிறது. அப்போது செலவைக் குறைக்க வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி, நிவாரண வேலையில் மண் சுமக்கிற ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்று வைத்தார். ஒரு பவுண்டு என்றால் 450 கிராம் சொச்சம். நாள் முழுக்க வெயிலில் மண்வெட்டி பிடிப்பவனுக்கு வேறு எதுவும் கிடைக்காத நாளில் அது. மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ், இது ஆளைக் கொல்லும் கணக்கு என்று எதிர்த்து வாதாடினார். சாப்பாட்டைத் தராசில் வைத்து, மனிதனை எவ்வளவு குறைவாக ஊட்டினால் உயிரோடு வைத்திருக்கலாம் என்று பார்த்த காலம். கஞ்சித்தொட்டி என்ற சொல்லில் அவமானம் ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் கஞ்சி அல்ல, அதை ஊற்றிய விதம். நோன்புக் கஞ்சியும் கஞ்சிதானே? அரிசி நொய், பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி பூண்டு, தேங்காய்ப்பால் எல்லாம் ஒரே தேக்சாவில் காய்ச்சி, சாயங்காலம் பள்ளிவாசலில் தூக்குவாளியோடு நிற்கிற பிள்ளையின் மதம் கேட்காமல் ஊற்றுகிறார்கள். அதை யாரும் தாழ்வாகச் சொல்வதில்லை. ஆடி மாதத்து மாரியம்மன் கோயில் கூழும் அப்படித்தான்.

இனி எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே நடந்த கதை. சேரன்மாதேவி குருகுலம். வ.வே.சு. ஐயர் சாதாரண ஆள் இல்லை. லண்டனில் சட்டம் படிக்கப் போய், புரட்சியாளர்களோடு சேர்ந்து, புதுச்சேரியில் தலைமறைவாக இருந்து, தமிழில் சிறுகதைக்கு வழிபோட்டவர். தேசபக்தி உள்ள பிள்ளைகளை உருவாக்க வேண்டும் என்றுதான் குருகுலம் தொடங்கினார். தமிழ்நாடு காங்கிரஸ் பத்தாயிரம் ரூபாய் தருவதாகச் சொல்லி ஐயாயிரம் கொடுத்தது. அங்கே பிராமணப் பிள்ளைகள் இருவருக்குத் தனியாகச் சாப்பாடு போடப்பட்டது என்ற செய்தி வெளியே வந்ததும் தமிழ்நாடே கொதித்தது. பெரியாரும் டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் பொதுப்பணத்தில் நடக்கும் இடத்தில் தனிப்பந்தி கூடாது என்று நின்றார்கள். பெற்றோருக்குக் கொடுத்த வாக்கு என்று ஐயர் தரப்பில் சொல்லப்பட்டது. 1924இலும் 1925இலும் இதே பேச்சு. 1925 ஜூன் மாதம் பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்றப் போய் ஐயர் இறந்துபோனார். அதே வருஷம் நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில் பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறினார். உடனடிக் காரணம் வகுப்புவாரித் தீர்மானம்தான் என்றாலும், குருகுலத்துச் சாப்பாட்டு இலை அதற்குப் பின்னால் விரிந்து கிடந்தது. ஐயரை வில்லனாக்கிப் பேசுவது எனக்குப் பிடிக்காது. அவ்வளவு துணிச்சல்காரருக்கு, வெள்ளைக்கார ஆட்சியை எதிர்த்து நிற்பதைவிட இரண்டு பிள்ளைகளை மற்ற பிள்ளைகளோடு உட்காரவைப்பது கடினமாக இருந்திருக்கிறது என்பதுதான் நான் பார்ப்பது.

ரயில் நிலையச் சாப்பாட்டுக் கடைகளில்கூடப் பிராமணர்களுக்கு ஒரு பகுதி, மற்றவர்களுக்கு ஒரு பகுதி என்று இருந்ததும், அது ஒழிய 1941 ஆனதும் தனிக்கதை.

இந்தச் சண்டைகளுக்கு நடுவில் பள்ளிக்கூடத்துக்குள் அண்டா வந்தது. 1920இல் சென்னை மாநகராட்சி, சர் பிட்டி தியாகராயர் தலைவராக இருந்தபோது, ஆயிரம்விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி போடத் தீர்மானம் போட்டது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு. கொஞ்ச வருஷத்தில் அரசாங்கம் கல்விப் பணத்தை இதற்குச் செலவிடக்கூடாது என்று முட்டுக்கட்டை போட்டது.

பிறகு 1956இல் காமராஜர் எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கினார். முதலில் ஊர்மக்கள் கொடுத்த அரிசி பருப்பில்தான் நடந்தது; அரசு பின்னால் பங்கு ஏற்றது. கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராக அலைந்தார். இதுவும் கூட்டாஞ்சோறுதானே! அறுபதுகளில் அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டவள் நான். கேர் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனத்தின் பால்பொடியும் உடைத்த கோதுமையும் எண்ணெய் டின்னும் வரும். அந்தக் கோதுமை உப்புமாவின் வாடை இப்போதும் எனக்கு நினைவில் இருக்கிறது, சுமாரான வாடைதான். ஆனால் மத்தியானம் வீட்டுக்குப் போனால் அடுப்பு எரியாது என்று தெரிந்த பிள்ளைகள் எங்கள் வகுப்பில் பாதிக்கு மேல்.

1982 ஜூலை 1ஆம் தேதி திருச்சி பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கியபோது நான் வேலையில் சேர்ந்து இரண்டு வருஷம். பிள்ளைக்கு 100 கிராம் அரிசி, கூடவே பருப்பு, காய், எண்ணெய். நூறு பிள்ளைக்குப் பத்துக் கிலோ. இந்தக் கணக்கைத்தான் உங்களுக்கு எடையளவைப் பாடத்துக்குப் போட்டேன், நினைவிருக்கிறதா? "இன்று 87 பேர் வந்தால் எவ்வளவு அரிசி?" என்றால் மூன்றாம் வகுப்பில் கடைசி பெஞ்சுகூடச் சரியாகச் சொல்லும், ஏனென்றால் அது அவர்கள் தட்டுக் கணக்கு.

சமைக்க வந்த அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கணவர் இறந்து இரண்டு பிள்ளைகளோடு இருந்தவர். விதவைகளுக்கும் ஆதரவற்றவர்களுக்கும் முன்னுரிமை கொடுத்துத்தான் அந்த வேலையைக் கொடுத்தார்கள். தண்ணீர் அளக்க அவருக்குக் குவளை தேவையில்லை. அரிசி மட்டத்துக்கு மேல் கரண்டிக்காம்பை நிறுத்திப் பார்ப்பார். பருப்பு, காய் எல்லாம் சோற்றோடு சேர்ந்து வெந்து, பதினொன்றரைக்கு அந்த மணம் வகுப்புக்குள் வந்ததும் நான் வாய்ப்பாட்டை நிறுத்திவிடுவேன். அதற்கு மேல் நடத்திப் பயனில்லை.

பிள்ளைகள் வகுப்பு வாரியாகத் தாழ்வாரத்தில் உட்காருவார்கள், தெரு வாரியாக அல்ல. அது சும்மா நடக்கவில்லை. முதல் மாதத்தில் சில வீட்டுப் பிள்ளைகள் மத்தியானம் ஓட்டமாக வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். காரணம் கேட்டால் "அம்மை போகச் சொன்னா" என்பார்கள். அந்தச் சமையல் அம்மா எந்தத் தெரு என்று ஊருக்கே தெரியும். தலைமையாசிரியர் யாரையும் வற்புறுத்தவில்லை, தனியாக ஆக்கிப் போடவும் ஒப்பவில்லை. வரிசையையும் மாற்றவில்லை. மழைக்காலத்தில் வீட்டுக்கு ஓட முடியாமல் சிலர் உட்கார்ந்தார்கள். இன்னும் சிலர் ஏழு வருஷம் பிடிவாதமாக இருந்தார்கள். 1989இல் கலைஞர் ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று வந்தது. அந்த வியாழக்கிழமை தாழ்வாரத்தில் நான் அதுவரை பார்க்காத முகங்கள் எல்லாம் தட்டோடு உட்கார்ந்திருந்தன! நானும் தலைமையாசிரியரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சிரிக்கவில்லை, சிரித்தால் எழுந்து போய்விடுவார்களோ என்று பயம்.

2013இல் சாம்பார் சாதம், எலுமிச்சைச் சாதம், கொண்டைக்கடலைப் புலாவு என்று கலவைச் சாதங்கள் சோதனையாக வந்தன. சமையல் கலைஞர் தாமு சமையலர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் முதலமைச்சர் ஸ்டாலின் காலை உணவைத் தொடங்கினார். அதிலும் உப்புமா, கிச்சடி, பொங்கல். ஒரே பாத்திரத்து உணவுகள்தான். நான் ஓய்வு பெற்ற பிறகு வந்தது என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம். காலையில் வெறும் வயிற்றோடு வந்து பிரார்த்தனைக் கூட்டத்தில் மயங்கி விழுந்த பிள்ளைகளைத் தூக்கிய கை இது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். 2018இல் திருப்பூர் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில், பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் சமைக்கக்கூடாது என்று ஊரில் சிலர் தடுத்தார்கள். அதிகாரிகள் முதலில் அவரையே இடம் மாற்றினார்கள், எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் மீண்டும் அதே பள்ளியில் சமைக்க வந்தார். சாமித்தோப்புக் கிணறு வெட்டி எத்தனை வருஷம் ஆகிறது என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். செய்தித்தாளில் அதைப் படித்த அன்றைக்கு எனக்கு எங்கள் சமையல் அம்மாவின் கரண்டிக்காம்புதான் கண்ணில் நின்றது.

ஆகவே குழுவில் கேட்ட பெரியவருக்கு: அண்ணாச்சி, ஒத்தச் சோறு போடுவதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. வருகிற நாற்பது பேரையும், அன்றைக்குப் பாத்திரம் கழுவ வருகிற அக்காவையும், தண்ணீர் கேன் போடுகிற தம்பியையும் ஒரே வரிசையில் உட்காரவைத்துப் போடுங்கள்.

பிள்ளைகளே, நம் பள்ளியில் சத்துணவு சாப்பிட்டவர்கள் கீழே எழுதுங்கள். யார் தட்டில் யார் பேர் ஆணியால் பொறித்திருந்தது, முட்டை நாளில் மஞ்சள் கருவை யாருக்குக் கொடுத்தீர்கள், அந்தச் சமையல் அம்மாவை நீங்கள் என்ன முறை சொல்லிக் கூப்பிட்டீர்கள்? எனக்கு "பெரியம்மை" என்று கூப்பிட்ட குரல்கள் நினைவிருக்கின்றன. வேறு மாதிரிக் கூப்பிட்டவர்கள் இருந்தால் அதையும் தயங்காமல் எழுதுங்கள்.